கடல் விட்டுப்போன கோட்டை
வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 9: மலையைச் சுற்றிக் கடல்

சென்ற வாரம்: 1784 ஆகஸ்ட். வான் பிராம் தலைமையில் வந்த டச்சுக் கப்பல்கள் கோலசிலாங்கூரின் இரண்டு குன்றுகளையும் பிடித்தன. பெரிய குன்றான மலாவத்திக்கு, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்திங்கின் பெயரால் ‘ஆல்திங்ஸ்பர்க்’ என்று பெயரிட்டார்கள். தஞ்சோங் கெராமாட்டில் இருந்த சின்னக் கோட்டைக்கு ‘உட்ரெக்ட்’ என்று பெயர் வைத்தார்கள். சுல்தான் இப்ராஹிம் காட்டுக்குள் மறைந்துவிட்டார். அவர் திரும்பி வருவாரா?

வந்தார்.

1785 ஜூன் மாதக் கடைசி. மலாவத்தி உச்சியில் டச்சுக் காவல்படை. கீழே சிலாங்கூர் ஆறு, ஆற்று முகத்தில் கப்பல். அந்தக் குன்றின் பலமெல்லாம் கடலைப் பார்த்த பலம். மலாக்கா நீரிணையில் போகும் பாய்மரம் மேலிருந்து தெரியும். ஆற்றுக்குள் நுழையும் படகு பீரங்கிக்கு எட்டும். நீர்வழியாக வருபவன் தப்ப முடியாது.

சுல்தான் நீர்வழியாக வரவில்லை. பகாங் பெண்டஹாராவிடம் போய் உதவி கேட்டார். ஆள் சேர்த்தார். தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து, காட்டு வழியாகக் கிழக்கிலிருந்து இறங்கினார். இன்று பெந்தோங்கிலிருந்து கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் வரும்போது காது அடைக்கிறதே, அந்த மலைத்தொடர்தான். சாலை இல்லாத நாளில், ஆயுதத்தையும் அரிசியையும் சுமந்துகொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க நடந்து வந்த படை அது.

இரவில் தாக்கினார்கள். டச்சுக் காவல்படை கோட்டையைப் போட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடியது. கனத்த பீரங்கிகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? அவை மலையிலேயே நின்றுவிட்டன. கடல்வழியாகப் பறிபோன கோட்டை மலைவழியாகக் கைக்கு வந்தது. பதினோரு மாதம் பறந்த கொடி ஒரே இரவில் இறங்கியது.

டச்சுக்காரர்கள் சும்மா விடவில்லை. ஓராண்டுக்கு மேல் ஆற்றுமுகத்தைக் கப்பல்களால் அடைத்து வைத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மலையல்ல, ஈயம். சிலாங்கூர் ஈயம் தங்களைத் தவிர வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்பதுதான் அந்தப் போரின் உள்நோக்கம். 1786இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. சுல்தான் மலையில் நிலைத்தார்.

அதன்பிறகு இன்னொரு முறையும் அந்த மலைமேல் குண்டு விழுந்தது. 1871 ஜூலையில், கடற்கொள்ளையரைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு, ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோலசிலாங்கூரைச் சுட்டது. உள்நாட்டுப் போரில் ராஜா மஹாடியின் கையில் ஊர் இருந்த காலம் அது. அந்தக் கதைக்கு இன்னொரு வாரம் வருவோம்.

இப்போது என் கேள்வி இதுதான். இத்தனை பேர் இத்தனை உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட அந்தக் கோட்டை எங்கே?

*

ஏறிப் பாருங்கள். ஆலமரமும் மழைமரமும் நிழல் விரித்த பாதை. கடலைப் பார்த்தபடி பழைய பீரங்கிகள். ஆங்காங்கே கல்வரிசை. 1907இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்றும் டச்சுக்காரர் வைத்த பெயரையே சுமந்துகொண்டு நிற்கிறது. சற்றுத் தள்ளி அரச கல்லறை. 1766இல் அரியணை ஏறிய ராஜா லுமு, அதாவது சுல்தான் சாலேஹுடின், அவர் மகன் இப்ராஹிம், அவருக்குப் பின் வந்த முகம்மது ஆகிய முதல் மூன்று சுல்தான்களும் அங்கே துயில்கிறார்கள். சாம்பல் நிற லொத்தோங் குரங்குகள் பிள்ளைகளின் தோளில் ஏறிக் கடலை கேட்கும். அவற்றின் குட்டி மட்டும் நல்ல ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்.

கோட்டை என்று சொல்ல நாலு பக்கச் சுவர் கிடையாது. டச்சுக்காரர் வருவதற்கு முன்பே மலாய்க்காரர்கள் இங்கே அரண் கட்டியிருந்தார்கள். மண்ணைக் குவித்து, மரத்தை நட்டு, கல்லை அடுக்கிக் கட்டிய அரண். அப்படிப்பட்ட கோட்டையைப் பகைவன் பாதி அழிப்பான், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். தஞ்சோங் கெராமாட் கோட்டை நெடுங்காலம் புதருக்குள் கிடந்தது.

ஆனால் சுவர் போன இடத்தில் கதை நிற்கிறது. மலையடிவாரத்தில் ‘தெலாகா பெராச்சுன்’ இருக்கிறது. விஷக் கிணறு. அரசனுக்குத் துரோகம் செய்தவனைக் கழுத்தளவு இந்த நீரில் இறக்கி வைப்பார்களாம். நீரில் நச்சு மரத்தின் பாலும் மூங்கில் குருத்தின் சுணையும் கலந்திருக்குமாம். மூங்கில் சுணை பட்டவர்களுக்குத் தெரியும், ஒரு விரலில் பட்டாலே அன்று முழுவதும் வேலை ஓடாது. மேலே போனால் ‘பத்து ஹம்பார்’. மரண தண்டனை நிறைவேற்றிய பாறை என்று ஊர் சொல்கிறது. இன்றும் அதன்மேல் உட்காரத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மலையை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூடப் பாடத்தில் அல்ல, தோட்டத்து லோரியின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு. புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் தோட்டம். தீபாவளிக்கு மறுநாள் லயத்துப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூருக்கு ஒரு லோரி போகும். பாட்டியும் வருவார். மலைமேல் ஏறியதும் பாட்டி முதலில் அரச கல்லறைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். “ஏம் பாட்டி, அது நம்ம சாமி இல்லையே?” என்று கேட்டேன். “யார் ஊர்ல நாம இருக்கோமோ அந்த ஊர்க்காரரைக் கும்பிடாம எப்படிடா இருக்கிறது?” என்றார்.

அன்றுதான் அந்த வார்த்தையும் சொன்னார். கீழே சமவெளி முழுக்க ரப்பரும் செம்பனையும் தென்னையும் பச்சைப் பாய் விரித்திருந்தன. பாட்டி கையை அகல வீசிக் காட்டினார்.

“இதெல்லாம் கடலா இருந்துச்சாம்டா தம்பி. இந்த மலை மட்டும் தண்ணி நடுவுல தீவு மாதிரி நின்னுச்சாம். கம்பத்து மக்சிக் சொன்னாங்க.”

நாங்கள் சிரித்தோம். எங்கள் லயமும் பெரட்டுக் களமும் மாரியம்மன் கோயிலும் கடலுக்கடியில் இருந்தனவா? பாட்டி கோபப்படவில்லை. “சிரிங்க, சிரிங்க. உங்கப்பன் கான் வெட்டுறப்போ போய்ப் பாருங்க,” என்றார்.

அடுத்த வாரம் நான் போய்ப் பார்த்தேன்.

*

கடலோரத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கான் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நிலம் தாழ்வு. கடல் ஏறினால் நீர் உள்ளே வரும், மழை பெய்தால் வெளியே போகாது. அதனால்தான் கடற்கரையில் கரை கட்டி, மதகு வைத்து, தோட்டம் முழுவதும் கோடு போட்டாற்போல் கான் வெட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் தாத்தாக்களின் மண்வெட்டி வெட்டிய கான்கள் அவை. காப்பித் தோட்டமாக இருந்த நிலம் ரப்பராக மாறிய நாளிலிருந்து, தூர்ந்ததை மறுபடி வெட்டுவது தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை.

அப்பா இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலே கறுத்த மண், அதற்குக் கீழே வேர்ப்பின்னல். அதற்கும் கீழே நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில், பிசைந்த மாவு போல் குழைந்த களி. மண்வெட்டியை இழுத்தால் சப்பென்று ஒட்டிக்கொண்டு வரும். அழுகின முட்டை நாற்றம். அப்பா ஒரு கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். விரலால் பிளந்தேன். உள்ளே வெள்ளையாக ஒன்று. தண்ணீரில் கழுவினேன்.

கிளிஞ்சல். வரிவரியாக, விசிறி போல், இரண்டு ஓடும் மூடியபடி. சந்தையில் அன்றைக்குத்தான் வாங்கினது போல் இருந்தது.

கடற்கரை எங்களிடமிருந்து பல கிலோமீட்டர் தூரம். அந்தக் கிளிஞ்சலை யாரும் கொண்டுவந்து புதைக்கவில்லை. அது அங்கேயே பிறந்து, அங்கேயே செத்து, அதன்மேல் சேறு படிந்து, சேற்றின்மேல் காடு வளர்ந்து, காட்டை அழித்து ரப்பர் நட்டு, அந்த ரப்பருக்குக் கான் வெட்டிய என் அப்பாவின் மண்வெட்டியில் வெளியே வந்தது.

நிலவியலாளர்கள் சொல்வதும் இதுதான். பனியுகம் முடிந்து உலகின் பனிப்பாறைகள் உருகியபோது கடல் ஏறியது. சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன், தீபகற்பத்தின் கரையோரத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது. இன்று நாம் தஞ்சோங் காராங், ஜெராம் என்று அழைக்கும் தாழ்நிலம் அப்போது கடல். மலாவத்தி போன்ற குன்றுகள் தண்ணீருக்கு நடுவே தலைநீட்டி நின்றன. தெற்கே கோலலங்காட்டில் உள்ள ஜுக்ரா மலையும் அப்படித்தான். பிறகு கடல் மெல்ல இறங்கியது. ஆறுகள் மலையிலிருந்து வண்டலைக் கொண்டுவந்து கொட்டின. கண்டல் மரங்கள் வேரால் சேற்றைப் பிடித்துவைத்தன. அடி அடியாக நிலம் மேற்கே நடந்தது.

மண்ணியலில் இந்தக் கடற்களிக்கு ‘சிலாங்கூர் வகை’ என்றே ஒரு பெயர் உண்டு. செம்பனைக்கு உகந்த மண். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள், தென்னமரம். பத்தாங் பெர்ஜுந்தைக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். ஊரின் பெயர் மாறினாலும் தோட்டத்தின் பெயரில் நம் மொழி நிற்கிறது.

இன்னும் பெரிய சாட்சி ஒன்று 2020இல் கிடைத்தது. கேரித் தீவின் செம்பனைத் தோட்டத்துக்குள், மாமேரி பழங்குடி மக்கள் வாழும் மண்ணில், ராட்சத எலும்புகள் தென்பட்டன. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து தோண்டினார்கள். திமிங்கலம்! ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கரையொதுங்கிய திமிங்கலத்தின் எலும்புகள், செம்பனை வேருக்கடியில் கிடந்தன.

அந்தச் செய்தியைப் படித்த அன்று பாட்டியை நினைத்து அழுதேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

*

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாட்டார் கதைக்குத் தேதி தெரியாது. ஆனால் இடம் தெரியும். ‘எப்போது’ என்று கேட்டால் ‘அந்தக் காலத்தில்’ என்று மட்டும் சொல்லும். ‘எங்கே’ என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டும். அந்த விரல் காட்டும் இடத்தில் தோண்டினால் பல நேரம் ஏதாவது கிடைக்கிறது.

பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது முருகன் குடியிருக்கும் குகை. ஆனால் நாம் அங்கே வேல் நடுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு ஒரு கதை இருந்தது. தாயை மறந்த மகன் சித்தாங்காங்கின் கப்பல் அது. தாய் விட்ட சாபத்தில் கப்பல் கல்லாகிவிட்டது. கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே, நடுக்காட்டில் நின்ற பாறையைப் பார்த்து ‘கப்பல்’ என்று சொன்னவர்களின் மனத்தில் கடல் எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்!

அந்தக் கடலோரத்தில் மனிதர்கள் வாழ்ந்ததற்கும் சான்று உண்டு. 1964இல் பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங்கில் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. மரப்பலகையின் மேல் வைத்து, மண்மேடு எழுப்பி மூடியிருந்தார்கள். வடவியட்நாமின் தோங்சோன் பண்பாட்டைச் சேர்ந்த வேலைப்பாடு, சுமார் 2000 ஆண்டுப் பழமை. கிள்ளானில் கிடைத்த வெண்கல மணி ஒன்று இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுல்தான்களுக்கும் டச்சுக்காரருக்கும் மலாக்கா அரசுக்கும் முந்திய மனிதர்கள் இந்த ஆற்றுமுகங்களில் படகு கட்டினார்கள், முரசு அறைந்தார்கள், இறந்தவரை மரியாதையோடு புதைத்தார்கள்.

அவர்களைப் பற்றி வடக்கே உள்ள மண் ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. அதற்கு நாம் கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே போக வேண்டும். செக்கிஞ்சான் வயல்களைத் தாண்டி, சபாக் பெர்னாமையும் தாண்டி, சிலாங்கூரையும் பேராக்கையும் பிரிக்கும் பெர்னாம் ஆற்றின் மேல்பகுதிக்குப் போக வேண்டும்.

அந்தப் பக்கத்துக் காட்டோரங்களில் மலாய்க்காரர்கள் ஒரு விலங்கைப் பற்றிச் சொல்வார்கள். பெயர் ‘மாவாஸ்’. பெரிய குரங்கு, மனிதனைப் போல நிமிர்ந்து நடக்கும். முழங்கைக்குக் கீழே அதன் எலும்பு இரும்பு. கத்தி போலக் கூர்மையானது. ஒரு வீச்சில் ஆளை இரண்டாக்கும். கதை சொல்லி முடித்ததும், நம்பாதவன் முன்னால் ஒரு பொருளை எடுத்துப் போடுவார்கள். துருப்பிடித்த நீண்ட இரும்பு, ஒரு முனையில் குழல், மறுமுனையில் அலகு. “இதோ, ‘தூலாங் மாவாஸ்’. மாவாஸின் எலும்பு.”

பொருள் மெய்யானது. வயலிலும் ஈயலம்பத்திலும் ஆற்றங்கரையிலும் கிடைத்துக்கொண்டே இருந்தது. கிள்ளானிலும் கிடைத்தது. அதைக் கையிலெடுத்த ஆய்வாளர்கள் திகைத்தார்கள். அது எலும்பு அல்ல, மனிதன் உலையில் உருக்கி அடித்த கருவி. கோடாரி, அரிவாள், கத்தி. ஆனால் மலாய்க் கொல்லர்கள் அப்படிக் கருவி செய்வதில்லை. குழலுக்குள் பிடியைச் செருகும் அந்த முறையே அவர்களுக்குப் பழக்கமில்லை. செய்தவர்கள் மறைந்துபோனார்கள். அவர்களை நினைவில் வைத்திருக்க ஆளில்லாதபோது, அவர்களுடைய கருவி ஒரு விலங்கின் எலும்பாகிவிட்டது.

செய்தவர்கள் யார்?

1927இல் ஐவர் எவன்ஸ் என்ற அருங்காட்சியக ஆய்வாளர் பெர்னாம் பள்ளத்தாக்குக்கு வந்தார். சங்காட் மந்திரி என்ற இடத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, நிலத்துக்குள் செங்குத்தாக நிறுத்திய கருங்கல் பலகைகள். நான்கு பக்கமும் பலகை, அடியில் பலகை, மேலே மூடி. தமிழ்நாட்டுத் தொல்லியல் படித்தவர்கள் இதைப் பார்த்தால் உடனே ஒரு சொல் வாயில் வரும்: கற்பதுக்கை. இறந்தவருக்குக் கல்லால் கட்டிய பெட்டி.

அந்த ஈரமண்ணில் எலும்பு நிற்காது. உள்ளே மண் நிறைந்திருந்தது. மண்ணை அள்ள அள்ள ஓட்டுச் சில்லுகள் வந்தன. பிறகு ஒரு துருப்பிடித்த இரும்பு, ஒரு முனையில் குழல், மறுமுனையில் அலகு. மாவாஸின் எலும்பு, ஒரு மனிதனின் கல்லறைக்குள்!

அதோடு முடியவில்லை. அடிப்பலகைக்கு மேல், களிமண்ணோடு களிமண்ணாக, சின்னச் சின்ன மணிகள் கிடந்தன. சில கண்ணாடி, சில கல். கல்மணியைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே செந்தணல் எரிவது போல் இருக்கும்.

சூதுபவளம்.

நொய்யல் ஆற்றங்கரையில், ஈரோட்டுப் பக்கம் கொடுமணல் என்று ஓர் ஊர். சங்க காலத்தில் கல்மணி செய்வோர் வாழ்ந்த ஊர். அங்கேயும் கற்பதுக்கைகள் உண்டு. அங்கேயும் இறந்தவர்களோடு இரும்பைப் புதைத்தார்கள். அங்கேயும் கல்லறைக்குள் இதே சிவப்புக் கல்.

நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் செய்த ஒரு சிவப்பு மணி, கடல் தாண்டி, ஆறு ஏறி, பெர்னாம் காட்டின் கல்லறைக்குள் போனது எப்படி? அதை அணிந்திருந்தவர் யார்? கொண்டுவந்தவர் யார்?

பதில் கல்லறையில் இல்லை. வடக்கே, கண்டல் காட்டுக்குள் ஒரு தீவில் இருந்தது. மரக்கால்களின்மேல் வீடு கட்டி மக்கள் வாழ்ந்து, பின் அடியோடு மறைந்துபோன தீவு. அங்கே எவன்ஸின் கைக்கு ஒரு சின்ன முத்திரை வந்தது. அதில் எழுத்து இருந்தது.

மலாய் எழுத்தல்ல. அரபு எழுத்தல்ல. சீன எழுத்தல்ல.

அடுத்த வாரத்துக்குள் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் லயத்தில், உங்கள் அடுக்குமாடியில் ஒரு பாட்டி இருப்பார். தோட்டம் போய் வீடமைப்பு வந்த இடத்திலிருந்து வந்தவராக இருப்பார். எந்த மரத்தடியில் டத்தோ இருந்தார், எந்தக் கானில் என்ன கிடைத்தது, எந்தக் குன்றைச் சுற்றிக் கடல் இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்காதீர்கள்.

(முத்திரையில் இருந்த பெயர் அடுத்த வாரம்…)